காத்தோட்டமான கிளவுஸ்

ஜனவரி 4, ஞாயிறு

தோற்றோம். சூலூர்க்காரர்கள் எங்களைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டார்கள். நட்பு ஆட்டம்தான், லீக் கணக்கில் சேராது என்றார் கோச் குணசீலன் சார். எனக்குச் சேரும்.

வேலை பார்க்கும் இடத்தில் ஒரு பீஸ் ரிஜெக்ட் ஆனால், ஏன் ஆனது என்று எழுதாமல் அடுத்த பீஸை மெஷினில் ஏற்ற மாட்டேன். பந்துக்கும் அதே சட்டம். அதற்குத்தான் இந்த டைரி. மனசைக் கொட்டுவதற்கெல்லாம் இல்லை.

பேஸ்பாலில் நான் பிட்சர். என்னிடம் மூன்று பந்து இருக்கிறது. ஒன்று வேகம். இரண்டாவது வளைவு, நேராக வருவதுபோல் வந்து பேட்டருக்கு முன்னால் பொத்தென்று கீழே இறங்கும். மூன்றாவது மெதுவான பந்து. கை வேகப்பந்துக்குச் சுழல்வது போலவே சுழலும். பந்து உள்ளங்கையில் ஆழமாக உட்கார்ந்திருப்பதால் தாமதமாகப் போய்ச் சேரும். பேட்டர் அவசரப்பட்டு முன்னாடியே மட்டையை வீசிவிடுவான்.

என் கேட்சர் ரூபன். பேட்டருக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்து, தொடைக்கு நடுவில் விரல் காட்டுவான். ஒரு விரல் வேகம், இரண்டு வளைவு, மூன்று மெதுவானது. பிடிக்காவிட்டால் நான் மறுத்துத் தலையாட்டுவேன். மூன்று விரலுக்கு எப்போதும் தலையாட்டுவேன். அது பயந்தவன் போடும் பந்து.

இன்றைக்கு நடந்தது இதுதான். வளைவு போட்டால் காத்திருந்து அடித்தார்கள். வேகமாகப் போட்டால் முன்கூட்டியே தயாராக நின்று அடித்தார்கள். அதிலும் மாசிலாமணி. மின்வாரியத்தில் லைன்மேன், சூலூருக்கு அவன்தான் பிட்சர், அவன்தான் பெரிய பேட்டர். என் பந்து என்னைவிட அவனுக்கு நன்றாகத் தெரிந்த மாதிரி அடித்தான்.

ஆட்டம் முடிந்ததும் சார் வந்தார். "ஏண்டா பரிதி, பந்து போட்டியா, இலை போட்டுப் பரிமாறினியா?"

"அவனுங்களுக்கு இன்னைக்கு லக்குங்க சார்."

"லக்கு ஒரு பந்துக்கு இருக்கும். எல்லாப் பந்துக்குமா? இனிமே என்ன பந்துன்னு நான் சொல்றேன். தொப்பியத் தொட்டா வேகம், காதத் தொட்டா வளைவு. உன்ற மூளைய பேக்டரிலயே வெச்சுட்டு வா."

ஆக, இனி சார் காட்டுவார், ரூபன் அதைப் பார்த்து விரலை நீட்டுவான், நான் போடுவேன். இதற்கு ஒரு ரோபோவை நிறுத்திவிடலாம்.

ஒரே ஒரு நல்ல விஷயம். டிசம்பரில் பிட்சர் கிளவுஸின் வலைத்தோல், அதாவது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கும் பகுதி, அறுந்துவிட்டது. தோலை வீசிவிட்டு நைலான் கயிற்றில் நானே புதிதாகப் பின்னினேன். குறுக்கே இரண்டு, நெடுக்கே ஒன்று. எடை குறைவு, வியர்வை தங்காது. மாசிலாமணிகூடப் பாராட்டினான். எங்கள் பக்கம் கிளவுஸ் பஞ்சம். இருப்பது ஒரு சாக்கு மூட்டைதான். நாங்கள் பேட்டிங் போகும்போது கிளவுஸை நின்ற இடத்திலேயே போட்டுவிட்டுப் போவோம், எதிரணி எடுத்து மாட்டிக்கொள்வார்கள். திரும்ப வரும்போது நாங்கள் எடுத்துக்கொள்வோம். அப்படி என் கையில் தரும்போது மாசிலாமணி சொன்னான்: "நீங்க பின்னினதுங்களா? நல்லா காத்தோட்டமா இருக்குதுங்க."

தோற்ற நாளில் எதிரி வாயால் ஒரு நல்ல வார்த்தை.

ஜனவரி 6

காலையில் காப்பி குடிக்கும்போது அக்கா கேட்டாள்: "என்னடா, டம்ளர இடது கைல புடிக்கற?"

சூடாக இருந்தது என்றேன்.

ஜனவரி 9

வேலை முடிந்து பயிற்சி. ரூபன் அவன் மாமாவின் டயர் கடையிலிருந்து நேராக வருவான், கையெல்லாம் ரப்பர் கறுப்பு. இன்றும் மூன்று விரலை நீட்டிக்கொண்டே இருந்தான்.

"அத மடக்குடா," என்றேன்.

"மாப்ள, அந்தப் பந்த நீ போட்டா நானே ஏமாந்துடறேன். மாஸ்க் போட்டுட்டு உக்காந்திருக்கற எனக்கே அப்படின்னா, அடிக்கறவனுக்கு?"

"ஏமாத்தி ஜெயிக்க எனக்குத் தேவையில்ல."

"அப்ப வளைவு மட்டும் என்ன, சத்தியமா?"

 வளைவு கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டது. மணிக்கட்டும் முழங்கையும் முறுக வேண்டும். மெதுவான பந்தைச் சும்மா உள்ளங்கையில் வைத்து விடுவதுதான். வித்தியாசம் இருக்கிறது.

முழங்கை உள்பக்கம் லேசாகச் சூடு. பனிக்காலத்தில் எல்லோருக்கும் வருவது.

ஜனவரி 11, ஞாயிறு

லீக் ஆட்டம், கல்லூரி அணியோடு. ஜெயித்தோம்! பையன்கள் சொந்தக் கிளவுஸோடு வந்திருந்தார்கள், புதுத்தோல் வாசனையோடு ஆளுக்கு ஒன்று. எங்கள் சாக்கைப் பார்த்து முகம் சுளித்தார்கள். நான் வளைவு போட்டேன், அவர்கள் காற்றை அடித்தார்கள். சார் காதை விடவே இல்லை. நான் நினைத்ததும் அதேதான் என்பதால் சண்டை இல்லை.

ஆக, என் பந்தில் கோளாறு இல்லை. சூலூரில் அன்றைக்கு நடந்தது விதிவிலக்கு. பிரச்சினை முடிந்தது என்று எழுதி மூடுகிறேன்.

கிளவுஸ் அருமையாக இருக்கிறது.

ஜனவரி 15

பொங்கல். அக்கா கரும்பை வெட்டித் தரச் சொன்னாள். அரிவாளை மச்சானிடம் கொடுத்துவிட்டேன். நானே ஏன் எல்லா வேலையும் செய்ய வேண்டும்?

ஜனவரி 18, ஞாயிறு

கோபத்தில் எழுதுகிறேன், கையெழுத்து அப்படித்தான் இருக்கும்.

லீக்கில் மறுபடியும் சூலூர். மறுபடியும் துவைத்தார்கள். புள்ளிக் கணக்கில் பைனலுக்கு வந்துவிட்டோம், அங்கேயும் அவர்கள்தான். ஆனால் இன்று நான் ஒன்றைக் கவனித்தேன். நான் பந்தை விடுவதற்கு முன்பே மாசிலாமணியின் கால் நகர்கிறது. வேகம் என்றால் பின்னால், வளைவு என்றால் முன்னால். அது ஊகம் இல்லை, தகவல். யாரோ சொல்கிறார்கள்.

விரல் காட்டுவது ரூபன். ரூபனின் மாமன் மகன் சூலூர் அணியில் இருக்கிறான். கூட்டிப் பார்த்தால் விடை வருகிறது.

எல்லோர் முன்னாலும் கேட்டேன். "உன்ற மாமன் பையனுக்கு நம்ம சைகையெல்லாம் சொல்லிக் குடுத்துட்டியா?"

ரூபன் மாஸ்க்கைக் கழற்றினான். "என்ன சொன்ன? இன்னொருக்கா சொல்லு."

சொன்னேன்.

"சரி," என்றான். அடிப்பான் என்று நினைத்தேன். மாஸ்க்கைச் சாக்கில் போட்டான், காலில் கட்டியிருந்த தடுப்புகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தான், அதையும் போட்டான். போகும்போது திரும்பினான். "நான் ஏன் மூணு விரல் காட்டறேன்னு ஒரு நாளாவது கேட்டியாடா நீ?"

போய்விட்டான். சார் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"பைனல்ல தருண் போடட்டும். நீ ரைட் ஃபீல்டுல நில்லு." தருண் எங்கள் இன்னொரு பிட்சர்; ரைட் ஃபீல்டு, பந்தே அதிகம் வராத வலப்பக்க எல்லையோரம்.

"தருணுக்கு வேகம் மட்டும்தானுங்க சார் தெரியும். ரெண்டாவது பந்தே இல்ல."

"உனக்கு மூணு இருந்து என்னத்தக் கிழிச்ச?"

"அப்ப ஸ்டேட் ட்ரயல்ஸ்?"

"பிட்சர்னு நம்ம கிளப்ல ஒருத்தன் பேருதான் அனுப்ப முடியும். பைனல்ல எவன் உருப்படியா போடறானோ அவன்."

பள்ளிக்கூடத்தில் ஆரம்பித்த காலம் முதல், மாநில அணிக்கு ஆளெடுக்கும் அந்த ட்ரயல்ஸுக்காகத்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன். அதைத் தருணுக்கு விட்டுக்கொடுக்க முடியாது. முடியவே முடியாது.

ஜனவரி 19

அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். "மூணு தடவ அவன் அடிக்காம விட்டா அவுட்டு, அவ்வளவுதானே? இதுக்கா இந்த மொகரை? எல்லாரையும் மாதிரி கிரிக்கெட் ஆடித் தொலைய வேண்டியதுதானே?"

இந்த வீட்டில் யாரிடமும் எதுவும் பேசக்கூடாது.

ஜனவரி 21

ரூபன் என்றால் ரூபன் என்று நிரூபிக்க வேண்டும். அவனை ஒதுக்கிவிட்டுச் சோதித்தால்தான் சரி. மதிய இடைவேளையில் பேக்டரியின் பின்சுவரில் சாக்பீஸால் கட்டம் போட்டேன். பேட்டர் நிற்கும் இடத்தில் செங்கல் அடுக்கி, அதன்மேல் போனை வைத்து வீடியோ ஓடவிட்டேன். விரல் காட்ட யாரும் இல்லை. மூன்று வகையும் மாற்றி மாற்றிப் போட்டேன்.

பிறகு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். முதலில் தெரிந்தது முழங்கை. வளைவு போடும்போது போன வருஷத்தைவிட ஒரு சாண் கீழே தொங்குகிறது. கேமரா கோணம்.

அடுத்து தெரிந்தது கிளவுஸ்.

பந்தைப் பிடித்த கையை கிளவுஸுக்குள் நுழைத்து நெஞ்சுக்கு முன்னால் வைக்கிறேன். எதற்காக வைப்பது? எந்தப் பிடி என்று தெரியாமல் இருக்கத்தான். ஆனால் நான் பின்னிய நைலான் கயிற்றின் சந்து வழியாக என் இரண்டு விரலும் பந்தின் சிவப்புத் தையலும் பளிச்சென்று தெரிகின்றன. வேகத்துக்கு விரல்கள் தையலுக்குக் குறுக்கே. வளைவுக்குத் தையலோடு ஒட்டி. மெதுவான பந்துக்கு வெள்ளையே தெரியாமல் கை மட்டும்.

ஜன்னல் வைத்திருக்கிறேன் நான். அதுவும் பேட்டர் பக்கம் பார்த்து.

அந்தக் கிளவுஸை மாட்டிக்கொண்டு மாசிலாமணி ஆட்டத்தில் பாதி நேரம் நின்றிருக்கிறான். அதன் உள்ளிருந்து பார்த்தவனுக்கு வெளியிலிருந்து என்ன தெரியும் என்று தெரியாதா? கல்லூரிப் பையன்கள் சொந்தக் கிளவுஸ் வைத்திருந்தார்கள். அதனால் அவர்களுக்குத் தெரியவில்லை. "காத்தோட்டமா இருக்குதுங்க." நானும் இளித்துக்கொண்டு நன்றி சொன்னேன்.

பின்னல் தப்பில்லை. எடை குறைந்தது, வியர்வை தங்கவில்லை, கேட்டதை எல்லாம் அது செய்தது. நான் ஒன்றைக் கேட்க மறந்துவிட்டேன், அவ்வளவுதான்.

ரூபன் இல்லை.

ஜனவரி 22

வேலை முடிந்து டயர் கடைக்குப் போனேன். ரூபன் ஒரு லாரி டியூபைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கிக் குமிழி தேடிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

"மன்னிப்புக் கேக்க வந்தியா, வண்டிக்குக் காத்தடிக்க வந்தியா?"

"காத்தடிக்க."

"முன்னாடியா, பின்னாடியா?"

"ரெண்டுக்கும்."

அடித்தான். நான் போனை எடுத்து வீடியோவைக் காட்டினேன். ஈரக்கையைத் துடைக்காமலே வாங்கிப் பார்த்தான். பார்த்துவிட்டுச் சிரித்தான் பாருங்கள், கடையில் இருந்த லாரி டிரைவர் எட்டிப்பார்க்கிற அளவுக்கு. "டிப்ளமோ படிச்சு, அளந்து வெச்சுப் பின்னி... ஐயோ, ஐயோ."

"சிரிச்சு முடி."

"முடிக்கறேன், இரு." கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு வீடியோவைக் கொஞ்சம் பின்னால் இழுத்து ஓர் இடத்தில் நிறுத்தினான். கிளவுஸ் இல்லை. என் முழங்கை. "இதுக்குத்தாண்டா மூணு விரல் காட்டினேன். வளைவு போட்டதும் ஒவ்வொரு தடவையும் கைய ஒதறுவ. எனக்கு நேரா நின்னு ஒதறுவ, எனக்குத் தெரியாதா? அந்தப் பந்துல மட்டும் நீ ஒதறறதில்ல."

"வலியெல்லாம் ஒண்ணுமில்ல."

"நான் வலின்னே சொல்லலையே."

காற்றடித்ததற்கு நீட்டிய காசை அவன் வாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னான்.

ஜனவரி 24

ரூபன் வற்புறுத்தியதால் சாரிடம் சொன்னேன். அவர் கிளவுஸை முகத்துக்கு நேரே பிடித்து, சந்து வழியாக என்னைப் பார்த்தார். "கறுப்பு டேப் ஒட்டு. முடிஞ்சுது."

முடியவில்லை. டேப் ஒட்டினால் மாசிலாமணிக்கு ஒன்றும் தெரியாது, ஊகிப்பான், எல்லோரையும் போல எச்சரிக்கையாக நிற்பான். ஒட்டாவிட்டால் நிச்சயமாக நம்புவான். ஊகிப்பவனைவிட நம்புகிறவனை வீழ்த்துவது சுலபம். இதை எளிய தமிழில்தான் சாருக்கு விளக்கினேன்.

"இந்த மயிர்புடுங்கற வேலையெல்லாம் வேண்டாம். டேப்ப ஒட்டு."

"சரிங்க சார்" என்றேன். ஒட்டப்போவதில்லை.

ஜனவரி 25, ஞாயிறு

ரூபன் வந்தான். திட்டம் இதுதான்: சந்தில் ஒரு பிடியைக் காட்ட வேண்டும், கை கிளவுஸிலிருந்து பிரியும் அந்தக் கண நேரத்தில் இன்னொரு பிடிக்கு மாற வேண்டும். வேகத்திலிருந்து வளைவுக்கு மாறுவது சிரமம், பந்து நழுவுகிறது. வேகத்திலிருந்து மெதுவானதற்கு வருவதுதான் வழுக்கிக்கொண்டு வருகிறது. பந்தை உள்ளே தள்ளினால் போதும்.

அந்தப் பந்தை நான் இதுவரை உருப்படியாகப் போட்டுப் பார்க்கவே இல்லை. இன்று போட்டேன். நன்றாக இருக்கிறது. கையும் அதே வேகம், காலும் அதே வேகம், பந்து மட்டும் வர மறுக்கிறது. பயந்தவனால் இதைப் போட முடியாது. அவ்வளவு மெதுவான பந்தை முழு வேகத்தில் வீசுவதற்குத் துணிச்சல் வேண்டும்.

"வளைவும் போட்டுப் பாக்கலாமா?" என்றேன்.

"வேண்டாம்," என்று எழுந்துவிட்டான் ரூபன்.

ஜனவரி 28

கான்டீனில் மேஜைக்கு அடியில் பந்தை வைத்துப் பிடி மாற்றிக்கொண்டிருந்தேன். கை தவறி சாம்பார் வாளியில் விழுந்தது. சூப்பர்வைசர் விளக்கம் கேட்டிருக்கிறார்.

பிப்ரவரி 1, ஞாயிறு

பைனல். எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன்.

தருண் ஆரம்பித்தான், நான் ரைட் ஃபீல்டில். டேப் எங்கே என்று சார் கேட்டார். மறந்துவிட்டது என்றேன். தருணுக்கு அதனால் நஷ்டமில்லை. அவனிடம் இருப்பது வேகம் மட்டும், சந்து வழியாக எவ்வளவு பார்த்தாலும் அதேதான். நன்றாகவே போட்டான். அதை ஒத்துக்கொள்கிறேன்.

கடைசிச் சுற்று. நாங்கள் ஒரு ரன் முன்னால். சூலூருக்கு இரண்டு பேர் அவுட். தருணின் கை தளர்ந்து, பந்து எங்கெங்கோ போனது. எட்டாத பந்துகளாகவே போட்டு இரண்டு பேரைச் சும்மாவே முதல் பேஸுக்கு நடக்கவிட்டான்; ரூபன் கைக்கு எட்டாமல் போன பந்தில் அவர்கள் இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நகர்ந்து நின்றார்கள். ஒரு நல்ல அடி விழுந்தால் இருவரும் ஓடி வந்துவிடுவார்கள், கோப்பையும் கூடவே போய்விடும். மட்டையோடு வந்தவன் மாசிலாமணி.

சார் ரைட் ஃபீல்டைப் பார்த்துக் கையசைத்தார். ஓடி வந்தேன்.

"கை எப்படி இருக்குது?"

"நல்லா இருக்குதுங்க சார்."

"காதப் பாத்துப் போடு. வளைவுதான் உன்ற பந்து. வேற சேட்டை பண்ணினே, தோல உரிச்சுருவேன்."

தருண் கிளவுஸைக் கொடுத்தான். மாசிலாமணி அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தான். "வாங்க, வாங்க. உங்களத்தான் காணோமேன்னு பாத்தனுங்க."

சார் காதைத் தொட்டார். ரூபன் இரண்டு விரல் காட்டினான். அதைக் கடமைக்குத்தான் காட்டினான். நான் தலையாட்டியதும் ஒரு விரலுக்கு மாறினான். நான் வளைவுப் பிடியைச் சந்தில் நன்றாகக் காட்டினேன். கை பிரியும்போது மாற்றி வேகமாக விட்டேன். மாசிலாமணி பந்து கீழே இறங்கும் என்று காத்திருந்தான். அது இறங்கவில்லை. நேராகப் போய் ரூபனின் கையில் அறைந்தது. அவன் அடிக்காமல் விட்ட முதல் பந்து, ஸ்ட்ரைக்.

அந்தப் பந்தில் முழங்கைக்குள் ஏதோ சுருக்கென்றது. விரல்கள் மரத்த மாதிரி இருந்தது. வெயில்.

சார் கத்தினார், "காது! காதப் பாருடா!" நான் பார்த்தேன். ரூபனோடு முன்பே பேசிவைத்தபடி சந்தில் வேகப் பிடியைக் காட்டினேன். பந்தை உள்ளே தள்ளி மெதுவாக விட்டேன். மாசிலாமணி சுழற்றிய சுழற்றில் மட்டை ஒரு முழுச் சுற்று வந்துவிட்டது, பந்து அதற்குப் பிறகுதான் வந்தது. தொப்பி கீழே விழுந்தது. இரண்டாவது ஸ்ட்ரைக்.

அவன் தொப்பியை எடுத்துத் தட்டினான். அவசரமே படவில்லை. ரூபனிடம் என்னவோ சொன்னான். (பிறகு ரூபன் சொன்னது: "உங்காளோட கிளவுஸ் பொய் பேசப் பழகிருச்சுங்களே.") பிறகு மட்டையோடு நின்று நேராகச் சந்தைப் பார்த்தான். சிரிப்பு இல்லை.

தெரிந்துவிட்டது. இனி நான் எதைக் காட்டினாலும் அதை நம்பமாட்டான். வேறு எதற்கோ தயாராவான்.

சார் பெஞ்சை விட்டு எழுந்து இரண்டு காதையும் இரண்டு கையால் பிடித்துக்கொண்டு நின்றார், பிள்ளையார் முன்னால் தோப்புக்கரணம் போடுகிறவர் மாதிரி. ரூபன் இரண்டு விரல். தலையாட்டினேன். ஒரு விரல். தலையாட்டினேன். மாஸ்க்குக்குள் அவன் முகம் தெரியவில்லை. ஆனால் மூன்றாவது விரல் வெளியே வர நேரமானது. இத்தனை நாள் நான் மறுத்த விரல். வந்தது. சரி என்றேன்.

மெதுவான பந்தின் பிடியை எடுத்தேன். கிளவுஸை வழக்கத்தைவிட நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடித்தேன். நன்றாகப் பார்க்கட்டும் என்று வைத்திருந்தேன். பார்த்தான். மெதுவான பிடி காட்டுகிறான், அப்படியென்றால் வேகம் வரும். அவன் பின்னங்கால் மண்ணைத் தோண்டியதை நான் பார்த்தேன்.

பிடியை மாற்றவில்லை. காட்டியதையே போட்டேன்.

அடிப்பதற்கு முன்பே அவனுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் கை நிற்கவில்லை. மட்டை போன பிறகு பந்து மெல்ல வந்து, ரூபனின் கையில் குருவி மாதிரி உட்கார்ந்தது.

ரூபன் ஓடி வந்து தூக்கினான். வலது கையைப் பிடிக்காமல் இடுப்பைப் பிடித்துத் தூக்கினான். மாசிலாமணி வந்து கிளவுஸை வாங்கி, சந்துக்குள் விரலை விட்டு ஆட்டினான். "மூணாவது மட்டும் நெசமுங்களா?"

"ஆமாங்க."

"அது அநியாயமுங்க," என்றான்.

சார் கோப்பையை வாங்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். "நான் காதத் தொட்டேன்."

"பாத்தனுங்க சார்."

"அப்புறம்?"

"போடலைங்க."

பிப்ரவரி 2

வலது கையால் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. டம்ளரை இடது கையில் எடுத்தேன். அக்கா பார்த்துக்கொண்டே நின்றாள், ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் நிற்பது இன்னும் மோசம்.

"ஆமா, வலிக்குது. பொங்கலுக்கு முன்னாடியிருந்தே வலிக்குது. அதுக்கு இப்ப என்ன?"

"ஒண்ணுமில்ல. சட்டையக் கொண்டா," என்று பொத்தானைப் போட்டுவிட்டாள். மத்தியானம் லீவு சொல்லிவிட்டு டாக்டரிடம் கூட்டிப்போனாள்.

தசைநார் வீக்கம். கிழியவில்லை. இரண்டு வாரம் பந்தைத் தொடக்கூடாது. பிறகு வேகமும் மெதுவானதும் அளவோடு போடலாம். வளைவு இந்த வருஷம் முழுக்கக் கூடாது. "மீறிப் போட்டா அப்புறம் என்கிட்ட வராதீங்க, சர்ஜன்கிட்ட போங்க," என்றார். எனக்கு அந்த டாக்டரைப் பிடித்திருந்தது. சுற்றி வளைக்கவில்லை.

பிப்ரவரி 7

டாக்டர் சொன்னதை ரூபன் எனக்கு முன்னாலேயே போய்ச் சாரிடம் சொல்லிவிட்டான். இந்த முறை உண்மையாகவே தகவல் கசிந்தது அவனிடமிருந்துதான்.

சார் தன் வீட்டு வாசலில் ஸ்கூட்டரைக் கழுவிக்கொண்டிருந்தார். ட்ரயல்ஸ் 22-ஆம் தேதி. பெயர் இன்று மாலைக்குள் போக வேண்டும்.

"தருண் கை நல்லா இருக்குது," என்றார், துணியைப் பிழிந்துகொண்டே. "உனக்கு வளைவு இல்ல. வளைவில்லாம ரெண்டு பந்த வெச்சுட்டு அங்க போயி என்னடா காட்டப்போற?"

"காட்டறதுக்கு ரெண்டு, போடறதுக்கு ரெண்டுங்க சார். வேகத்தக் காட்டி வேகம், வேகத்தக் காட்டி மெதுவா, மெதுவாக் காட்டி வேகம், மெதுவாக் காட்டி மெதுவா. நாலு ஆச்சு. முன்னாடி மூணுதான் வெச்சிருந்தேன்."

"அங்க இருக்கறவனுக்கு உன்ற கிளவுஸ்ல ஓட்டை இருக்கறது தெரியாதேடா."

"நல்ல பேட்டரா இருந்தா மொதப் பந்துலயே பாத்துருவானுங்க. பாக்கலைன்னா அவன் நல்ல பேட்டர் இல்ல. எனக்கு ரெண்டுமே சரிதான்."

"நான் சொல்ற பந்தப் போடுவியா?"

"சரின்னு பட்டாப் போடுவனுங்க."

சார் ஈரக்கையோடு தொப்பியைத் தொட்டார். காதைத் தொட்டார். மூக்கைச் சொறிந்தார். இதில் எதுவும் சைகை இல்லை என்று நினைக்கிறேன்.

"போய்த் தொலை," என்றார். "உன்ற பேரத்தான் அனுப்பறேன். டேப் மட்டும் ஒட்டினே, கொன்னுபோடுவேன்."

ரூபன் தெருமுனையில் வண்டியை அணைக்காமல் உறுமவிட்டுக்கொண்டு நின்றான். என்னாச்சு என்று தூரத்திலிருந்தே தாடையை உயர்த்திக் கேட்டான்.

இடது கையைத் தூக்கி மூன்று விரலைக் காட்டினேன்.